'ரன்' என்றால் ஓட்டம் மட்டும்தானா?

சென்ற மாதம் சளி பிடித்திருந்த என் பேரன், "தாத்தா, மூக்கு ஓடுது" என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பள்ளியில் கேட்ட 'நோஸ் இஸ் ரன்னிங்' என்பதைக் குழந்தை தமிழாக்கியிருக்கிறான். "மூக்கு ஒழுகும், ஓடாது" என்று திருத்தினேன். ஆனால் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இதே 'ரன்' என்னையும் ஒரு காலத்தில் பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

1983-ல் வடக்கே ஒரு நீராவி எஞ்சின் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பேரிங் மாற்றிய எஞ்சின் ஒன்றை 'ரன் இன்' செய்யும்படி மேலதிகாரி சீட்டு எழுதி வைத்திருந்தார். 'உள்ளே ஓட்டிச் சென்று நிறுத்து' என்று நானாகவே பொருள் கொண்டு, ஷெட்டுக்குள் நிறுத்தச் சொல்லிவிட்டேன். புதிய பாகங்கள் இழைந்து பொருந்தும் வரை பாரமின்றி மெதுவாக ஓட்டிப் பழக்குவதே 'ரன் இன்'. மறுநாள் அந்த எஞ்சின் சரக்கு வண்டியை இழுத்துச் சென்றது. வழியில் பேரிங் சூடேறிப் புகைந்தது. டிரைவர் கவனித்து நிறுத்தியதால் விபரீதம் ஏதுமில்லை. எனக்கு மெமோ வந்தது. அன்று வாங்கிய அகராதி இன்றும் என் மேசையில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் இருந்தன. 'ரின்னன்' என்றால் தானே ஓடுவது. நீர் பாய்வதும் அதுவே. 'ஏர்னன்' என்றால் ஓடச் செய்வது, குதிரையைச் செலுத்துவது. நம்முடைய 'ஓடு', 'ஓட்டு' போலத்தான். நாளடைவில் அவை இரண்டும் கலந்து 'ரன்' என்று ஒன்றாகிவிட்டன. தமிழிலோ அந்த வேறுபாடு இன்றும் நிலைத்திருக்கிறது: வண்டி ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' போதும்.

ஆகவே இச்சொல்லைத் தமிழில் சொல்லும்போது இடம் பார்த்துச் சொல்ல வேண்டும்:

கடையை 'ரன்' செய்கிறார் – நடத்துகிறார்.
சர்க்கரை 'ரன் அவுட்' – தீர்ந்துவிட்டது.
துணியில் நிறம் 'ரன்' ஆகிறது – சாயம் போகிறது.
'ரன்ஸ் இன் தி ஃபேமிலி' – பரம்பரையாக வருகிறது.
'இன் தி லாங் ரன்' – போகப் போக.
ரயில்வேயில் 'ரன்னிங் ரூம்' – டிரைவரும் கார்டும் படுத்து உறங்கும் அறை!

2011-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர், வினைச்சொல்லாக மட்டும் 'ரன்' என்பதற்கு 645 பொருள்களைக் கணக்கிட்டார்கள். அத்தனையையும் 'ஓடு' என்ற ஒரே சொல் தாங்குமா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று சிரித்த பிறகு, என் பேரன் இரண்டு நாள் வீட்டில் தமிழே பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் இந்தியில்தான் பதில். யோசித்துப் பார்த்தால், மூக்குக்கும் ஓடைக்கும் ஒரே சொல்லை ஆங்கிலம் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. நம் 'ஓடை'யும் 'ஓடு' என்பதிலிருந்து பிறந்ததுதானே? இதை அவனிடம் சொன்னேன். "அப்போ நான் சொன்னது பாதி சரிதானே, தாத்தா?" என்று தமிழில் கேட்டான். பிழையைத் திருத்துங்கள், சிரிக்காமல் திருத்துங்கள்.