கட்டளை வரியில் மெய்நிகர் கணினிகள்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் உள்ள மெய்நிகர் கணினிகளைக் கட்டளைகளாலேயே நிர்வகிக்க முடியுமா? நிறுத்தும்போது தரவு அழிந்துவிடாதா?

பதில்: முடியும். ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்டு, தனக்கென இயங்குதளமும் நினைவகமும் வட்டும் கொண்டு தனிக் கணினியாகவே இயங்குவது மெய்நிகர் கணினி. இதற்கான கேவிஎம் வசதி 2007இல் வெளியான 2.6.20 பதிப்பு முதல் லினக்ஸ் கர்னலிலேயே இடம்பெற்றிருக்க, அதனை நிர்வகிக்கும் லிப்விர்ட் நூலகத்தின் கட்டளைக் கருவியாக ‘விர்ஷ்’ விளங்குகிறது.

‘லிஸ்ட்’ கட்டளையோடு ‘ஆல்’ என்ற தெரிவையும் சேர்த்தால், ஓடுபவையும் நிறுத்தப்பட்டவையும் பட்டியலாகக் கிடைக்கும். ‘ஸ்டார்ட்’ ஒன்றை இயக்கும். நிறுத்துவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ‘ஷட்டவுன்’ உள்ளிருக்கும் இயங்குதளத்திடம் முறையாக மூடிக்கொள்ளும்படி கேட்க, ‘டெஸ்ட்ராய்’ மின்இணைப்பைப் பிடுங்கியதுபோல் உடனே நிறுத்திவிடுகிறது. வட்டுக்கோப்பு அழிவதில்லை எனினும், எழுதி முடியாத தரவு சேதமடையக்கூடும். ஆகவே ஷட்டவுனுக்குப் பணியாத கணினிக்கு மட்டுமே அது உரியது. ‘அன்டிஃபைன்’ கணினியின் அமைப்பு விவரத்தையே நீக்கிவிடுவதால், அதற்கு முன் ‘டம்ப்எக்ஸ்எம்எல்’ கட்டளையால் அவ்விவரத்தைக் கோப்பாகச் சேமித்துக்கொள்வது நிர்வாகியின் கடமையாகும்.