கொச்சிக்குப் போகும் அந்தமான் லம்பா லைன் பிள்ளைகளுக்கு

கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்குப் போகிறோம், எதைப் பார்க்கணும் தாத்தா என்று நாலு பேர் வந்து கேட்டீர்கள். நாற்பது வருஷம் கடைகளுக்கு போர்டு எழுதின கை இது. ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. 2014-இலும் 2016-இலும் தொடங்கிய இரண்டு பினாலேக்களுக்கும் போய் வந்தேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

1. எறணாகுளத்தில் இறங்கியதும் ஆட்டோ தேடாதீர்கள். ஜெட்டியில் படகு ஏறி ஃபோர்ட் கொச்சிக்குப் போங்கள். மூன்று நாளாவது கையில் இருக்கட்டும்.

2. கட்டடத்தையும் பாருங்கள். நான் போன இரண்டு முறையும் ஆஸ்பின்வால் ஹவுஸ்தான் முக்கிய இடம். 1867-இல் வந்த வெள்ளைக்காரக் கம்பெனியின் வளாகம். மிளகும் கயிறும் தேங்காய் எண்ணெயும் கப்பலேறிய இடம். ஜன்னலைத் திறந்தால் கடல்வாய். சுத்தமான வெள்ளைச் சுவர் வேண்டுமென்றால் வேறு ஊருக்குப் போகணும்.

3. படைப்பின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். 2014-இல் அனீஷ் கபூர் தரைக்குள் ஒரு கருநீர்ச் சுழலைச் சுழலவிட்டிருந்தார். இரைச்சல் உள்ளங்காலில் ஏறியது. குறிப்பை முதலில் படித்திருந்தால் அந்த இரைச்சலை விட்டுவிட்டு அர்த்தத்தைத் தேடிக்கொண்டிருப்பேன்.

4. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 2016-இல் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா ஒரு நீளமான கிடங்கில் கடல்நீரை நிரப்பியிருந்தார். செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் நடந்துதான் எதிர்ச்சுவருக்குப் போகணும். அங்கே கவிதை. 2015-இல் துருக்கிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஆலன் குர்தி என்ற குழந்தையின் படத்தை உலகமே பார்த்தது. கூடவே இறந்த அண்ணன் காலிப்பின் அப்படியொரு படம் யார் கண்ணிலும் படவில்லை. அந்த அண்ணனுக்காக எழுதிய கவிதை அது. சூரிட்டாவும் 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது கைதாகி, கப்பலின் அடித்தட்டில் அடைபட்டுக் கிடந்தவர். கப்பலில் கைதிகள் வந்து இறங்கிய ஊர்க்காரனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாதி தூரத்தில் என் கால் நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை, நம்மூர் ஜங்கிலிகாட்டில் தண்ணீர் என் காலில் இதே உயரத்துக்குத்தான் முதலில் ஏறியது. பிறகு கார் நிக்கோபாரிலிருந்து வந்து இறங்கியவர்களின் முகங்கள். திரும்பி வெளியே வந்துவிட்டேன். பக்கத்தில் சில கல்லூரிப் பிள்ளைகள் தண்ணீரைக் கலக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் நீங்கள், கடல் புகுந்த சிப்பிகாட் வயல்களை பஸ் ஜன்னலில் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கண்ணை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.

5. புரியாததைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். புரிந்த மாதிரித் தலையாட்டுவது அதைவிட மோசம்.

6. ஒரு சின்ன நோட்டு கொண்டுபோங்கள். கோணலானாலும் வரைந்து பாருங்கள். செல்போனில் எடுத்ததை நான் இன்றுவரை திறந்து பார்க்கவில்லை. வரைந்தது கைக்கு மறக்கவில்லை.

7. உங்களை எது தடுத்து நிறுத்தியதோ, அதனிடமே மறுபடி போங்கள். மறுநாள் கதவு திறந்ததும் நான் அந்தக் கிடங்குக்கே போனேன். கூட்டம் இல்லை, தண்ணீர் அசையாமல் கிடந்தது. இந்த முறை சுவர்வரை நடந்தேன். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும் என்று பார்த்த காவல் பெண், பக்கத்தில் வந்து வரிவரியாக மலையாளத்தில் சொன்னாள். காலிப்பின் பெயர் வந்த இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கால் காய்ந்த பிறகும் வெகுநேரம் செருப்பைப் போடத் தோன்றவில்லை.