இரவல் மருந்தில் வளரும் பிள்ளைகள்: புதிதாக வந்த பெற்றோருக்கு

டிஸ்சார்ஜ் தாளில் ‘எவன்ஸ் சிண்ட்ரோம்’ என்று எழுதி வாங்கி வந்திருக்கிறீர்கள். ஆரம்பப் பள்ளிக் காலத்தில் என் மகளுக்கு வந்த நோய் இது. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள், நோயும் கூடவே போகிறது. அந்த உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. கோபம் வரும், வரட்டும். யார் மேல் என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். உடம்பின் எதிர்ப்பாற்றலே சிவப்பணுக்களையும் பிளேட்லெட்டையும் அழிக்கும் இந்த நோயை ராபர்ட் எவன்ஸ் 1951-ல் விவரித்தார். எழுபது வருடம் தாண்டிவிட்டது, இதற்கென்றே பிறந்த மருந்து ஒன்றுகூட இல்லை. ஸ்டீராய்டு எல்லா நோய்க்கும் பொது. ரிட்டுக்சிமாப் 1997-ல் நிணநீர்ப் புற்றுநோய்க்காக வந்தது. சிரோலிமஸ், மைக்கோஃபினோலேட் இரண்டும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்காக வந்தவை. எல்லாமே அடுத்த வீட்டுப் பிள்ளையின் சட்டை. நோயாளிகள் குறைவு, அவர்களும் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு, கம்பெனிகளுக்கும் இதில் லாபம் தெரிவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டரை இதற்காகத் திட்டிப் பயனில்லை. “இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் இல்லைம்மா, பார்த்துப் பார்த்துத்தான் போகணும்” என்று ஒளிக்காமல் சொல்பவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

2. ‘எவன்ஸ்’ என்பது நோயின் பெயர், காரணம் அல்ல. பெயர் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடும் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். பிரான்சில் இந்நோயுள்ள 80 குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். பத்தில் நான்கு பேருக்கு, எதிர்ப்பாற்றலை ஆளும் மரபணு ஒன்றில் ஏற்கெனவே அறியப்பட்ட கோளாறு இருந்தது. இது வெறும் ஆராய்ச்சிச் செய்தி அல்ல. சிடிஎல்ஏ4 என்ற மரபணுவில் குறை என்று தெரிந்தால், முடக்குவாதத்துக்குத் தரும் அபாடாசெப்ட் பயன்படலாம். அதுவும் இரவல்தான், ஆனால் அளவு பார்த்து எடுத்த இரவல். ஆகவே மரபணுச் சோதனை வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். செலவு அதிகம், முடிவு வரவும் நாளாகும்.

3. பெரியவர்களுக்கு வந்த மருந்து பிள்ளைகளிடம் வந்துசேர வருடக்கணக்காகும். பிளேட்லெட் மட்டும் குறையும் ஐடிபி நம் நோயைவிடப் பரவலானது. அதற்கே அமெரிக்காவில் எல்ட்ராம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் இரண்டும் 2008-ல் பெரியவர்களுக்கு அனுமதி பெற்றன. குழந்தைகளுக்கு முதல் மருந்து 2015-லும் இரண்டாவது 2018-லும்தான் அனுமதிக்கப்பட்டன. பத்து வருடம் என்பது ஒரு பிள்ளையின் பள்ளிப்பருவம் முழுவதும். என் ஆற்றாமை இங்கேதான், அது இன்னும் தணியவில்லை.

4. பப்பாளி இலைச் சாறு கொண்டுவரும் அத்தையிடம் சண்டை வேண்டாம். டெங்குவில் பிளேட்லெட் குறைவது வேறு கதை என்று சொல்லி, வாங்கி ஓரமாக வையுங்கள்.

5. ஐவிஐஜி என்ற இம்யூனோகுளோபுலினை நரம்பில் ஏற்றினால் பிளேட்லெட் கவுண்ட் ஏறும், சில வாரங்களில் இறங்கியும் விடும். நகையை அடகு வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ரத்தக்கசிவை நிறுத்த ஏற்றுகிறோமா, தாளில் எண்ணை உயர்த்த ஏற்றுகிறோமா?

6. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. முகம் ஊதும், பசி எடுக்கும், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். அது பிள்ளையின் குணம் அல்ல, மருந்தின் குணம்.

7. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடாது. காய்ச்சல் என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனால், தசையில் ஊசி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள், கடும் தலைவலியோடு வாந்தி: இவற்றில் எது வந்தாலும், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

8. ராத்திரி போனில் தேடிப் படிப்பதை யார் சொன்னாலும் நிறுத்தமாட்டீர்கள். வருடத்தை மட்டுமாவது பாருங்கள். பத்து இருபது பிள்ளைகளை வைத்து, ரிட்டுக்சிமாப் வருவதற்கு முன் எழுதியவையும் அங்கே கிடக்கின்றன. அந்த எண்கள் உங்கள் பிள்ளையின் ஜாதகம் அல்ல.

9. ஒரு நோட்டு போடுங்கள். தேதி, ஹீமோகுளோபின், பிளேட்லெட், பிலிருபின், பிள்ளையின் எடை, ஸ்டீராய்டின் அளவு, காய்ச்சல், தடுப்பூசி எல்லாம் அதில் ஏறட்டும். டாக்டர் மாறினாலும் நோட்டு மாறாது. இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சில் 2004 முதல் இத்தகைய குழந்தைகளை நாடு முழுவதும் ஒரே பதிவேட்டில் சேர்த்துத் தொடர்ந்து பார்க்கிறார்கள். குழந்தைகளின் எவன்ஸ் பற்றி இன்று தெரிந்ததில் கணிசமான பங்கு அந்தப் பதிவேடு தந்தது. நம்மூரிலும் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களின் கதை பெரும்பாலும் அந்தந்த ஆஸ்பத்திரி ஃபைலோடு முடிந்துபோகிறது. ஆய்வு இல்லை என்று புலம்பும் நாம், நம் பிள்ளை எங்காவது எண்ணப்பட்டிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள்: “இவளை எந்தப் பதிவேட்டிலாவது சேர்த்திருக்கிறீர்களா? ரத்த மாதிரியை ஆய்வுக்கு எடுத்து வைப்பீர்களா?” எந்த ஆய்வுகள் நடக்கின்றன என்று அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. ஏதாவது ஆய்வில் சேரச் சொன்னால் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போடுங்கள். பதிவேடு இல்லை என்று சொன்னால், தொடங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்திருக்கிறேன், நீங்களும் கொடுங்கள்.