டர்பைனுக்குள் எதுவும் போகக் கூடாது

இந்தியக் கடற்படையில் 15 ஆண்டுகள் எஞ்சின் பிரிவில் இருந்தேன். ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் அடிப்படைப் பயிற்சி, லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் எஞ்சின் பயிற்சி, பிறகு கப்பல். முதலில் ராஜ்புத் வகுப்பு டெஸ்ட்ராயர். நான்கு சோவியத் டர்பைன்கள். மீட்டருக்கு அடியில் ரஷ்ய எழுத்து, அதன்மேல் நம் ஆட்கள் ஒட்டிய ஆங்கிலச் சீட்டு. கடைசி ஆண்டுகளில் ஷிவாலிக் வகுப்பு. அதில் இரண்டு எல்.எம்.2500. டி.சி.10 விமானத்தைத் தூக்கிச் சென்ற எஞ்சினின் வம்சம் அது. நிதானமாகப் போக டீசல், வேகம் வேண்டுமானால் டர்பைன்.

ஊரில், "எஞ்சின் ரிப்பேர் பண்றவரா?" என்று கேட்பார்கள். டர்பைனின் உள்பாகம் கெட்டுப்போனால் பெரும்பாலும் கப்பலில் வைத்துச் சரிசெய்ய முடியாது. கழற்றிக் கரைக்கு அனுப்ப வேண்டும், விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். எக்சிலா அந்த வேலைக்கென்றே இருக்கிறது. கப்பலில் இருப்பவனின் முதல் வேலை காவல். டர்பைன் வாழ்வது காற்றால். அந்தக் காற்றோடு வேறெதுவும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் எதிரி உப்பு. கடல்காற்றில் இருக்கும் உப்பை வடிகட்டிகள் எவ்வளவு தடுத்தாலும் கொஞ்சம் நுழைந்துவிடும். கம்ப்ரஸர் பிளேடுகளில் படியும். காற்று குறையும், அதே வேகத்துக்கு வெப்பம் கூடும். அந்த உப்பு சூடான பகுதிக்குப் போய்விட்டால் எரிபொருளில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து பிளேடையே அரித்துவிடும். அதற்குத்தான் வாட்டர் வாஷ். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, எரிபொருள் இல்லாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றவிட்டு, சோப்புக் கரைசலைத் தெளித்து, ஊறவிட்டு, பிறகு சுத்த நீரால் அலச வேண்டும். அடியில் வடிகுழாயைத் திறந்தால் முதலில் வருவது கரி கரைத்த தண்ணீர். அடுத்த அலசலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. தெளிவாக வரும்வரை விடக் கூடாது. அலசும் நீரில் உப்பு இருக்கிறதா என்று முன்பே சோதித்துவிடுங்கள். உப்புத் தண்ணீரால் அலசுவதைவிட அலசாமல் விடுவது மேல். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு உலர்த்தவும் வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடும் இடம் இது.

இன்னொரு எதிரி நம் கை. காற்று உள்ளே போகும் வாய்க்குள் இறங்குமுன் மோதிரம், கடிகாரம், பேனா எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கருவிகளை எண்ணி எழுதி எடுத்துப் போக வேண்டும். எண்ணித் திருப்ப வேண்டும். நான் லீடிங் ரேங்க்கில் இருந்தபோது, ஒரு கப்பலில், எண்ணாமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலை ஆறு மணிக்குச் செய்லிங். இரவு பதினொரு மணிக்கு எங்கள் சீஃப் பெட்டியைத் திறந்து தானே எண்ணினார். நாகர்கோவில்காரர்.

"பதிமூணு எம்.எம். எங்கடே மக்கா?"

"கடைசியா பெட்டியில போட்ட மாதிரிதான் இருக்கு சீஃப்."

"மாதிரி இருந்தா போதாதுடே. கையில காட்டு."

காட்ட முடியவில்லை. எஞ்சினியர் ஆபீசரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். அந்த டர்பைனை ஸ்டார்ட் செய்யத் தடைச் சீட்டு தொங்கவிட்டார்கள். மூன்று பேர் டார்ச்சோடு தேடினோம். மூன்றரை மணிக்கு ஸ்பானர் கிடைத்தது, கம்ப்ரஸர் வாயின் கீழ் விளிம்புக்குப் பின்னால், துணியில் சுற்றியபடி. எஞ்சினை ஸ்டார்ட் செய்திருந்தால் அந்தத் துணியும் ஸ்பானரும் நேரே பிளேடுகளுக்குள் போயிருக்கும். நிமிடத்துக்கு 9,000 முறை சுற்றும் இடத்தில் ஒரு பிளேடு உடைந்தால், அது அடுத்தடுத்த வரிசைகளையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும். சீஃப் என்னைத் திட்டவே இல்லை. அன்று முதல், யார் அவசரப்படுத்தினாலும் எண்ணாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

வாட்ச் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு முதல் நான்கு வரையிலான வாட்ச்சில் ஒவ்வொரு மணிக்கும் ரீடிங் எழுதும்போது, முந்தைய வரியைப் பார்த்துக் காப்பியடிக்கத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆயில் வெப்பம் ஒரு மணிக்கு ஒரு டிகிரி ஏறுகிறது என்றால் எந்த அலாரமும் அடிக்காது. நான்கு வரிகளைச் சேர்த்துப் பார்ப்பவனுக்குத்தான் அது தெரியும். ஆயில் லைனில் உள்ள காந்தச் செருகியைக் கழற்றிப் பார்க்கும்போதும் அப்படித்தான்: மெல்லிய பசை போன்ற தூள் வழக்கமானது, விரலில் குத்தும் அளவுக்குச் சில்லு இருந்தால் எங்கோ ஒரு பேரிங் தேய்கிறது. உடனே மேலே சொல்லிவிடுங்கள்.

காதுக்குள் பிளக், அதன்மேல் மஃப், இரண்டும் போடுங்கள். "ரெண்டே நிமிஷ வேலை" என்று பல முறை வெறும் காதோடு உள்ளே போயிருக்கிறேன். இப்போது என் இடது காதில் இரவும் பகலும் மெல்லிய விசில் சத்தம், போகவே இல்லை.

கடற்படையை விட்டு வெளியே வந்தபின்னும் இந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. எரிவாயு மின்நிலையங்களிலும் இதே வாட்டர் வாஷ்தான், எஞ்சினுக்குள் நுழைத்துப் பார்க்கும் இதே போரோஸ்கோப் குழாய்தான். நம் வழுதூர், குத்தாலம், திருமாக்கோட்டை நிலையங்களில் சுற்றுவதும் கேஸ் டர்பைன்தான். ஆகவே செய்த பயிற்சிகளின் சான்றிதழ்களைக் கப்பலில் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கப்பலுக்குப் போகிற தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்திலேயே ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு எரிபொருள் லைனைத் தொட்டியிலிருந்து பர்னர்வரை பின்தொடர்ந்து நடந்து, ஒவ்வொரு வால்வையும் கையால் தொட்டு, நீங்களே வரைந்துகொள்ளுங்கள். விளக்கெல்லாம் அணைந்த இருட்டில் அந்த வால்வைத் தேட வேண்டிய நாள் வரும்.