காகிதப்பூவுக்கு இத்தனை நிறம் ஏது?

கேள்வி: சின்ன வயதில் நான் பார்த்த காகிதப்பூவெல்லாம் கத்தரிப்பூ நிறம்தான். இப்போது எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரே செடியில் வெள்ளையும் ரோஸும் பூக்கிறது. இத்தனை நிறங்கள் எப்படி வந்தன?
வாசகி, பள்ளிக்கரணை

பதில்: நீங்கள் பார்த்த கத்தரிப்பூ நிறம்தான் மூத்தது. பிரெஞ்சுத் தளபதி பூகன்வில்லின் கப்பல்கள் 1767-இல் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, கூடவந்த தாவரவியலாளர் கொமர்சோன் இந்தக் கொடியைச் சேகரித்துத் தளபதியின் பெயரைச் சூட்டினார். கொமர்சோனுக்கு அப்போது காலில் புண். அவருடைய உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறியிருந்த ழான் பாரே என்ற பெண்தான் காடு மேடெல்லாம் ஏறி இறங்கினார். அந்தக் கிளையை ஒடித்த கை அவருடையதாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

செக்கச் சிவப்பு நிறம் 1910 வாக்கில் கிடைத்தது. கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு தோட்டத்தில் இருந்த செடியைத் திருமதி பட் என்பவர் திரினிடாடுக்குக் கொண்டுபோனார். அது இரண்டு இனங்கள் தாமாகவே கலந்து பிறந்த செடி என்பது பிற்பாடு தெரிந்தது. இன்றைய சிவப்பு, ஆரஞ்சு வகைகளில் பலவற்றுக்கு அதுதான் பாட்டி.

உங்கள் தெருவில் இருப்பது பெரும்பாலும் 'மேரி பால்மர்' வகையாக இருக்கும். அது நம் நாட்டிலேயே பிறந்தது. 1949-இல் கல்கத்தா வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில், ஒரு செடியின் ஒரு கிளை மட்டும் நிறம் மாறிப் பூத்தது. குருத்து நுனியில் உள்ள அடுக்குகளில் ஒன்று மட்டும் மாறியிருந்ததால் வெள்ளையும் ரோஸும் அருகருகே வந்தன. அதை யாரோ கவனித்து, அந்தக் கிளையை மட்டும் வெட்டி நட்டிருக்கிறார்கள். உங்கள் தெருச்செடியும் அந்தக் கிளையின் துண்டுதான். ரோஸ் மட்டுமே பூக்கும் கிளை தலைகாட்டினால் கவாத்து செய்துவிடுங்கள். விட்டால் அது செடி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

இப்படித் தற்செயலாகக் கிடைப்பதற்கே காத்திருக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. நல்ல நிறமுள்ள கலப்புச் செடிகள் பல மலடு. குரோமோசோம்களுக்குச் சரியான ஜோடி அமையாததால் மகரந்தம் பயன்படாது. லக்னோ தேசியத் தாவரவியல் தோட்டத்தில் டி.என். கோஷூவின் குழு குருத்துகளுக்குக் கொல்கிசின் கொடுத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கியது. ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, மலட்டுச்செடி வளம்பெற்றது, ஒட்டுச்சேர்க்கைக்கு வழி பிறந்தது. கொல்கிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருக்கும் அதே கடும் நஞ்சு. இந்தியாவின் பெரிய கோதுமை விஞ்ஞானி பி.பி. பாலும் ரோஜாவோடு காகிதப்பூவிலும் புது வகைகள் உண்டாக்கினார். வயலுக்குப் பாடுபட்டவர் வாசல் அழகுக்கும் நேரம் ஒதுக்கியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கேள்வி: வெளிநாட்டுச் செடிதானே? எங்கள் சதுப்பு நிலத்துக்குள் பரவிவிடாதா?
அதே வாசகி

பதில்: காகிதப்பூவைப் பற்றிக் கவலை வேண்டாம். நர்சரி வகைகள் விதை பிடிப்பது அபூர்வம்; தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆகாயத்தாமரைதான் கவலைப்பட வேண்டிய செடி. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகவே வந்தது. பக்கக் கன்று விட்டு ஓரிரு வாரத்தில் இரு மடங்காகும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இலங்கையில் அதைத் தடுக்க 1909-இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இடம். தொட்டியிலும் மீன்தொட்டியிலும் வளர்த்த நீர்ச்செடி மிஞ்சிப்போனால், மொட்டை மாடி வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். மழைநீர்க் கால்வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள். உங்கள் பகுதிக் கால்வாய்கள் பலவும் சதுப்பு நிலத்தில்தான் போய்ச் சேர்கின்றன.