இன்சுலின் பேனாவில் காற்றுக் குமிழி

ஊசி வழியே காற்றுப் புகுந்தால் உயிருக்கு ஆபத்து என்னும் அச்சம் நம்மிடையே உண்டு. இன்சுலின் பேனா மருந்தைத் தோலின் கீழ்க் கொழுப்பில் செலுத்துகிறது. அங்கே சிறு குமிழி புகுவதால் தீங்கில்லை. புகாது போகும் மருந்தே கவலைக்குரியது.

நான் பயில்வது பௌதிகம்; மருத்துவம் அன்று. ஆயினும் இது பௌதிகக் கணக்கே. மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள மருந்தில், 0.05 மில்லிலிட்டர் குமிழி 5 யூனிட்டின் இடத்தைப் பிடிக்கிறது. மருந்துக்குப் பதில் அக்காற்று வெளியேறினால், 10 யூனிட் போடுபவர்க்குப் பாதியே சேரும். மேலும், திரவம் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். அமுங்கிய குமிழி மெல்ல விரிந்த பின்னரே எஞ்சிய மருந்து வெளிவரும். அதற்குள் ஊசியை எடுத்தால் அது வெளியே சொட்டிவிடும்.

குமிழி வருவது ஏன்? ஊசியைக் கழற்றாது வைத்தால், தில்லிக் குளிரில் மருந்து சுருங்க, ஊசி வழியே காற்று நுழையும். ஆதலின், பயன்படுத்தியதும் ஊசியைக் கழற்றுக. ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, நுனியை மேல்நோக்கி நிறுத்தி, குப்பியைத் தட்டி, 2 யூனிட் வெளியேற்றுக. துளி தோன்றும் வரை இவ்வாறே செய்க. மருந்தேற்றிய பின் பத்து வரை எண்ணி ஊசியை எடுக்க.

“விலையுயர்ந்த மருந்து வீணாகிறதே!” என்பார் என் விடுதி நண்பர். வீணன்று, அத்துளியே வழி திறந்திருப்பதன் சான்று.