வீட்டுத் தோட்டத்தில் செவ்வந்தி

செவ்வந்தி மலரை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்ற பெயரும் உண்டு. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலும் லயத்து வாசல்களில் மஞ்சள் செவ்வந்தி வளர்த்தவர்கள் இருந்தனர். சாமி படத்திற்குச் சாத்தவும் கூந்தலில் சூடவும் அதுவே போதுமானதாக இருந்தது.

தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து குடிபெயர்ந்த பெற்றோர் சிலர் எங்களிடம் ஒரு குறை கூறுவதுண்டு. லயத்தில் மாமியார் வளர்த்தபோது பூத்துக் குலுங்கிய செவ்வந்தி, புது வீட்டில் மருமகள் வளர்க்கும்போது இலையும் தண்டுமாகவே நிற்கிறதாம். "கைராசி இல்லை" என்று அப்பெண்ணின் மீது பழி விழுகிறது. கைராசிக்கும் செவ்வந்திக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பழி கூறுமுன் வாசலில் எரியும் தெருவிளக்கைச் சற்று அண்ணாந்து பார்க்க வேண்டுகிறோம்.

செவ்வந்தி இரவின் நீளத்தை அளக்கும் செடி. செடிகள் பகலிரவுக் கணக்கறிந்து பூக்கின்றன என்பதை 1920ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் உலகுக்கு அறிவித்தனர். அவர்கள் இதனை முதலில் கண்டது புகையிலை போன்ற செடிகளில். பகலின் நீளத்தைவிட, இடையில் ஒளி படாத இருளின் நீளமே முதன்மையானது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சீனத்திலும் ஜப்பானிலும் கோடை இரவுகள் குறுகியவை. அப்போது செவ்வந்தி தழைக்குமேயன்றிப் பூக்காது. இலையுதிர் காலத்தில் இரவு நீண்டவுடன் அரும்பு கட்டும். ஆகவே அங்கே அது இலையுதிர் கால மலர் எனப் பெயர் பெற்றது.

நம் நாட்டில் அத்தகைய பருவம் இல்லை. நம் மாணவர்களின் தாத்தாமார் அறிந்த இலையுதிர் காலம், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பால்மரம் இலையுதிர்க்கும் காலம் ஒன்றுதான். அப்போது பாலும் குறையும், சம்பளமும் குறையும். ஈப்போவில் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமே. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி அளவே வேறுபாடு. ஆதலால் நமக்குச் செவ்வந்தி எம்மாதத்திலும் பூக்கக் கூடியது, இருளை நாம் கெடுக்காதிருந்தால். மின்சாரத்திற்குத் தோட்டத்து எஞ்சினை நம்பியிருந்த லயங்களில் இரவில் எஞ்சினை நிறுத்தியதும் எங்கும் இருள் சூழ்ந்துவிடும். வீடமைப்புப் பகுதியிலோ விளக்கு விடியும்வரை எரிகிறது.

சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு இரவில் சென்றோர், நெகிழிக் கூரைகளின் கீழ் வரிசை வரிசையாக மின்விளக்குகள் எரிவதைக் கண்டிருப்பர். செவ்வந்தி விவசாயிகள் வேண்டுமென்றே செய்யும் வேலை அது. தண்டு நீண்டு வளரும்வரை இரவில் ஒளி காட்டிப் பூக்கவொட்டாமல் தடுப்பர். பின்பு விளக்கை அணைத்துவிடுவர். அணைத்த நாளிலிருந்து, இனத்திற்கேற்ப, ஏழு முதல் பத்து வாரங்களில் மலர் கிடைக்கும். அவர்கள் காசு கொடுத்துச் செய்வதை நம் வாசல் விளக்கு இலவசமாகச் செய்கிறது.

மாணவர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே செடியிலிருந்து எடுத்த இரு கன்றுகளில் ஒன்றை விளக்கருகிலும், மற்றொன்றை இரவில் ஒளி படாத கொல்லைப்புறத்திலும் வைத்து, அரும்பு தோன்றும் நாளைக் குறித்து வருக. பகல் வெயில் இரண்டிற்கும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். இருண்ட இடமே இல்லாத வீட்டில், மாலை ஏழு மணிக்கு அட்டைப் பெட்டியால் மூடிக் காலை ஏழு மணிக்குத் திறக்கலாம். ஒருநாள் மூடி ஒருநாள் மறந்தால் பயனில்லை.

இனி வளர்க்கும் முறை. துலுக்கச் செவ்வந்தி வேறு செடி. அது விதையில் முளைத்துப் பூத்து மடியும். செவ்வந்தியோ பல்லாண்டு வாழ்வது. பூ வாடியதும் தொட்டியோடு குப்பையில் எறிவது வீண் செலவு. சந்தையில் பூத்த நிலையில் விற்கும் தொட்டிச் செடிகளைக் குட்டையாக வைத்திருக்க மருந்து தெளிப்பது வழக்கம். மறுமுறை அவை உயர்ந்து வளர்ந்தால் வியப்படைய வேண்டா. குச்சி ஊன்றிக் கட்டுக.

மூன்று அங்குல நுனித் தண்டை ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். மண்ணுடன் மணலும் மக்கிய சாண எருவும் கலந்த தொட்டிக்கு மாற்றி, ஆறு இலை விட்டபின் நுனியைக் கிள்ளுக, கிளைகள் பிரியும். காலை வெயில் நன்று, பிற்பகல் வெயில் கடுமையானது. நீரை அடியில் ஊற்றுக. இலை நனைந்துகொண்டே இருந்தால் புள்ளி நோய் பற்றும். ஈப்போவின் வெப்பத்தில் கேமரன் மலைச் செவ்வந்தியின் பருமனையும் நிறத்தையும் எதிர்பார்த்தல் தகாது. சிறுபூ மஞ்சள் இனமே நமக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். தட்டில் மணலை நிரப்புக, அன்றேல் தட்டே வேண்டா. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசு வளரவிடுவது குற்றம். டெங்கிக் காய்ச்சலோ அபராதத்தினும் கொடியது.

பூத்து ஓய்ந்தபின் தரையிலிருந்து நான்கு அங்குலம் விட்டுத் தண்டுகளை வெட்டிவிடுக. சில வாரங்களில் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். நடுவிலுள்ள முதிய கட்டையை நீக்கிவிட்டு ஓரத்துக் கன்றுகளை மட்டும் பிரித்து நடுக. கன்று மிகுந்தால் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாம். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் விளக்கில்லாத இடம் ஒன்று இருக்கிறது.